மூன்று துண்டு பச்சை டேப்

அன்று சாயங்காலம் என் மனைவி வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “என்னங்க, இன்னிக்குத்தான் முதல் தடவையா என் குரல் எனக்கே பிடிச்சிருந்துச்சு.”

நல்ல செய்திதானே? நானும் சந்தோஷப்படத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்தது வந்து விழுந்தது.

“தங்கச்சி வீட்டுக்காரர் அந்த ரூம என்னமா சரிபண்ணி வச்சிருக்காரு தெரியுமா!”

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.  எனக்குப் பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குக் குரல்தான் பிழைப்பு. தொலைபேசியில் “தயவுசெய்து காத்திருக்கவும்” என்று ஒரு பெண் சொல்கிறாளே, அந்தப் பெண் அவள்தான். ஊரில் பாதிப் பேர் தினமும் அவளைத் திட்டுகிறார்கள், ஆள் யாரென்று தெரியாமல். பதினைந்து வருடமாக இப்படித் துண்டு துக்கடா வாக்கியங்களையே பேசிக்கொண்டிருந்தவளுக்கு, இப்போதுதான் ஒரு முழு நாவலைப் படித்துப் பதிவு செய்யும் வாய்ப்பு வந்திருந்தது. அறுபத்திரண்டு அத்தியாயம். முதல் பத்தைப் பதிப்பகத்துக்காரர்கள் கேட்பார்கள். பிடித்தால் மொத்தமும் அவளுக்கு. பிடிக்காவிட்டால் வேறு குரல். அந்தப் பிரதியை அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

சகலை என்பவன் அவளுடைய தங்கை கணவன். அவனுக்கும் எனக்கும் ஒரே தொழில். அதுதான் இந்த வீட்டின் சாபம். நான் ஒலிபெருக்கி செய்யும் கம்பெனியில் ஃபில்டர் எழுதுகிறேன். ஃபில்டர் என்றால் பெரிய மந்திரமில்லை. எந்த அறையும் ஒலியை உள்ளபடி விடாது. சுவரும் கூரையும் சேர்ந்து சில இடங்களில் வீங்க வைக்கும், சில இடங்களில் தின்றுவிடும். மைக் வைத்து அளந்து, வீங்கிய இடத்தை எண்களால் அமுக்குவது எங்கள் வேலை. நான் அதை ரயில் நிலையங்களுக்கும் ஆஸ்பத்திரி வராந்தாக்களுக்கும் செய்கிறேன். எத்தனையாவது நடைமேடை என்று பயணிக்குப் புரிந்துவிட்டால் என் வேலை முடிந்தது. “அடடா, என்ன அருமையான அறிவிப்பு!” என்று எவனாவது பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியிருக்கிறானா? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆள் கிடையாது.

சகலை செய்வது ஸ்டுடியோக்களுக்கு. நாவல் பதிவாகும் ஸ்டுடியோ அறையைச் சரிபண்ணியதும் அவன்தான். அவன் தொட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். மாமியார் வீட்டில் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். “சின்ன மாப்பிள்ளைக்கு என்னா காது!” என்பார் அத்தை. எனக்கென்ன, காதிருந்த இடத்தில் ஓட்டையா இருக்கிறது?

சரி, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது மனைவி சொன்ன அந்த முதல் வாக்கியம். கல்யாணமாகிப் பதினாலு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மூலையில்தான் அவள் படித்துப் பழகுவாள். அந்த மூலை கொஞ்சம் அதிரும். வந்த புதிதில் “இத சரிபண்ணிக் குடுங்களேன்” என்று கேட்டாள். நானும் அவளை மர நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, தரையிலிருந்து அவள் காது எவ்வளவு உயரம் என்று அளந்தேன். நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அன்றைக்கு அளவு எடுத்த ஃபைல் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், இந்த ப்ராஜெக்ட் முடியட்டும் என்றே ஓடிவிட்டது. உன் குரல் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. சொல்ல வேண்டுமா என்ன? அவளுக்குத் தெரியாதா? இப்போது பாருங்கள், எவனோ வந்து ஒரே வாரத்தில் அவள் குரலை அவளுக்கே பிடிக்க வைத்துவிட்டான்.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. “அந்த சேர்ல உக்காந்து நான் படிச்சத திருப்பிப் போட்டுக் கேட்டா, மேல கை வச்ச மாதிரி இருக்குங்க” என்றாள் ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே. மேலே கை வைத்த மாதிரியாம். எனக்குக் காதில் புகை வந்தது.

அடுத்த புதன்கிழமை அவள் படிக்கும் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆபீசுக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். தோள் பையில் லேப்டாப்பும், அளக்கும் மைக்கும், மடக்கும் ஸ்டாண்டும் இருந்தன. சும்மாதான், எப்போதும் இருப்பவை என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

சரியாகச் சாப்பாட்டு நேரம். பதிவு செய்யும் ரெக்கார்டிஸ்ட் அம்மாவும் இவளும் கீழே கேன்டீனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரெக்கார்டிஸ்ட் அம்மா வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான், ஆனால் வேலையில் சுத்தம்.

“வாங்களேன், சாப்பிடலாம்” என்றாள் என் மனைவி.

“சாப்ட்டுட்டுத்தான் வந்தேன். இங்க ஏசில கொஞ்சம் உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க.”

கதவு சாத்திக்கொண்டது. அந்த மாதிரி அறைகளில் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இடி இடித்தாலும் வெளியே கேட்காது. அதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

அவள் உட்காரும் நாற்காலியை நகர்த்திவிட்டு அதே இடத்தில் மைக்கை நிறுத்தினேன். உயரம் நூற்றுப் பன்னிரண்டு. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அடித்தொண்டையிலிருந்து உச்சி வரை ஒரே இழுப்பாக ஏறும் ஒலியை ஸ்பீக்கரில் விட்டேன். திரையில் கோடு விழுந்தது.

எப்படியாவது ஒரு குறை இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒன்றுமே இல்லை. துவைத்துத் தேய்த்த வேட்டி மாதிரிக் கிடந்தது கோடு. நூற்று நாற்பது ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு பள்ளம். அந்த இடத்தில் நேரே வரும் ஒலியும் சுவரில் மோதி வரும் ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாது. கற்றுக்குட்டியாக இருந்தால் பத்து டெசிபெல்லைக் கொட்டி ஸ்பீக்கரை மூச்சுத் திணற வைத்திருப்பான். சகலை தொடவே இல்லை. அந்தப் பள்ளத்தில் அவன் விழுந்திருப்பான் என்றுதான் நான் வழியெல்லாம் ஆசைப்பட்டுக்கொண்டு வந்தேன். ஒரு குறையாவது இருந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன், சத்தியமாக.

ஃபில்டர் இருக்கும் பெட்டிக்கு அவன் பூட்டுக்கூடப் போட்டிருக்கவில்லை. எல்லோரையும் நம்புகிற ஜென்மம். உள்ளே போனேன். முந்நூற்றைம்பது ஹெர்ட்ஸில் நான்கு டெசிபெல் ஏற்றினேன். அவ்வளவுதான். அந்த இடத்தைத் தூக்கினால் யார் பேசினாலும் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். “அந்த ரூம் ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லங்க” என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், வந்து எடுத்துவிடலாம். இதுதான் என் திட்டம். பெட்டியை மூடி, ஸ்டாண்டை மடக்கிப் பையில் போட்டுவிட்டு, நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மெதுவாக வந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னிக்கு எப்படி இருந்துச்சு?”

“தொண்ட சரியில்லங்க.”

“தொண்டயா?”

“ஆமா. திருப்பிப் போட்டுக் கேட்டா கும்முனு இருக்கு. பானைக்குள்ள பேசுற மாதிரி. காலைல நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல என்னமோ ஆயிடுச்சு.”

நான் உஷாராகத்தான் சொன்னேன். “ரூமா இருக்கும். தொண்டையா இருக்காது.”

“சேச்சே! அவரு போட்ட ரூம் பொய் சொல்லாது. எனக்குத்தான் என்னமோ.”

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் போட்ட அறை பொய் சொல்லாதாம், இவள் தொண்டைதான் பொய் சொல்லுமாம்! தன்னையே சந்தேகப்படுவாள், அவனைச் சந்தேகப்பட மாட்டாளா? எடுக்க நினைத்திருந்தவன் எடுக்காமல் விட்டேன். அவளாக ஒரு நாள் அந்த அறையைக் குறை சொல்லட்டும், அதுவரை கிடக்கட்டும் என்று வீம்பு பிடித்தேன். அவள் சுடுதண்ணீரில் உப்பைப் போட்டு வாய் கொப்பளித்தாள். வீட்டில் பேசுவதைக் குறைத்தாள். வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். “பால் இல்லை”, “ஃபேனைக் குறைங்க.” தொண்டை டாக்டரிடம் போய்க் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றும் இல்லை என்றாராம் அவர். அதைக் கேட்டு அவள் இன்னும் பயந்துபோனாள்.

“ஒண்ணும் இல்லன்னா வயசாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?” என்று எழுதிக் காட்டினாள். அந்தச் சீட்டை நான் கசக்கிப் போட்டேன். 

பத்து அத்தியாயமும் போயிற்று. நான்காவது நாள் பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது. குரல் மெலிந்து, வறண்டு, சதையே இல்லாமல் இருக்கிறதாம். வேறு ஒருவரை வைத்தும் கேட்டுப் பார்க்கப் போகிறார்களாம். வியாழக்கிழமை நேரில் வருகிறார்கள். இரண்டு குரலையும் வைத்து முடிவெடுப்பார்கள்.

மெலிந்து என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பானை மாதிரி இருப்பது ஸ்டுடியோவில். அங்கிருந்து போனது எப்படி மெலியும்? உலகத்திலேயே அதை உடனே புரிந்துகொள்ளக்கூடியவர்கள் என்னைப் போல இந்தத் தொழிலில் கிடந்து உழல்பவர்கள்தான். நான் மாற்றியது குரலை இல்லை, கேட்கிற ஸ்பீக்கரை. ரெக்கார்டிஸ்ட் அம்மா அந்த ஸ்பீக்கரை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அந்த அறை சரியாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதன் பழக்கம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. காதில் கும்மென்று விழுகிறது, சரி, வீங்கியிருக்கிறது என்று நினைத்து, அனுப்பும் பதிவில் அந்த இடத்தை வெட்டித் தள்ளியிருக்கிறார். வெட்டப்பட்டது வீக்கமில்லை. என் மனைவியின் குரலில் இருந்த சதை. நான் அங்கே நான்கு கூட்டினேன், அவர் இங்கே நான்கு வெட்டினார். அவள் குரலில் சதை இல்லை என்று ஊரார் சொல்லிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. பென்சிலால் குறி போட்ட பிரதியை அடுக்கி ஃபைலில் வைத்துக் கட்டினாள். “இவ்வளவு நாள் காத்திருக்கவும் காத்திருக்கவும்னு சொன்னேன் பாருங்க, எனக்கே சொல்லிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யாரும் வருவதற்குள் அந்த நான்கு டெசிபெல்லை எடுத்துவிட வேண்டும். ஸ்டுடியோக் கதவைத் தள்ளினால், உள்ளே சகலை உட்கார்ந்திருக்கிறான். அவன் லேப்டாப்பில் நான் பார்த்த அதே கோடு, துவைத்துத் தேய்த்த வேட்டி.

“வாங்க சகலை” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ எங்க இங்க?”

“நேத்து கூப்பிட்டாங்க, ரூம ஒரு தடவ பாருங்கன்னு. பாத்தேன். முந்நூத்தம்பதுல யாரோ ஏத்தி வச்சிருக்காங்க. எடுத்துட்டேன்.”

யாரோ. அந்த யாரோவை அவன் சொன்ன விதத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவன் கண் தரைக்குப் போனது. நானும் பார்த்தேன்.

நாற்காலிக்கு அடியில், தரை விரிப்பின் மேல், பச்சை டேப்.

அட என் தலையெழுத்தே! மைக் ஸ்டாண்டுக்கு மூன்று கால். எங்கே அளந்தாலும் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன். ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டி வந்தால் மைக் அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டுமே. ஒரு துண்டில் மட்டும் உயரத்தை எழுதி வைப்பேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகச் செய்யும். கெடுதல் செய்யப் போன இடத்திலும் ஒழுங்காக அளவெடுத்துக் குறி போட்டுவிட்டு வந்திருக்கிறேன். திருடப் போனவன் வீட்டுக்காரனுக்கு ரசீது எழுதிக் கொடுத்த மாதிரி.

“பச்ச டேப் நீங்க ஒருத்தர்தான் போடுவீங்க” என்றான் சகலை.

நான் குனிந்து பிய்த்தேன். இரண்டு துண்டுதான் இருந்தது. உயரம் எழுதிய துண்டைக் காணோம். அவன் எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கிற நிலையிலா இருந்தேன்?

“ஏன் சகலை?” என்று கேட்டான்.

எதைச் சொல்ல? உன் மேல் வயிற்றெரிச்சல் என்றா? “தெரியல” என்றேன். அதுவும் பொய்.

 அவன் லேப்டாப்பை மூடினான். “பாருங்க, அசல் பதிவு அப்படியே இருக்கு. அந்தம்மா வெட்டுனது அனுப்பின காப்பியிலதான். வர்றவங்களுக்கு அசலப் போட்டுக் காட்டுனாப் போதும். ரூம்ல எப்படித் தப்பாச்சுன்னு கேப்பாங்க. நான்தான் பழைய ஃபில்டர மாத்திப் போட்டுட்டேன்னு சொல்லிடறேன்.”

“நீ ஏன் சொல்லணும்?”

“அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.”

வேண்டாம், நானே சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிதன் அதைத்தான் சொல்வான். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? பழியை ஏற்பதில்கூட இவன் முந்திக்கொண்டான் பார் என்று நினைத்தேன். அப்போதும் பொறாமை. எனக்கு எந்தப் பக்கம் புத்தி போகிறது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

பதிப்பகத்துக்காரர்கள் வந்தார்கள், அசல் பதிவைக் கேட்டார்கள். மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள், மிச்சம் ஐம்பத்திரண்டும் இவரே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதே மூச்சில் ரெக்கார்டிஸ்ட் அம்மா சகலையிடம், “ஒரு ஃபில்டர ஒழுங்காப் போடத் தெரியாதா? இனிமே இந்தப் பக்கம் வந்துடாதீங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். ஊரில் இருப்பதே நான்கு ஸ்டுடியோ. இதெல்லாம் சாயங்காலத்துக்குள் நான்கிலும் பரவியிருக்கும்.

என் மனைவி வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் “ரொம்ப சந்தோஷம்மா” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“வேற என்ன?”

“ஒண்ணுமில்ல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மச்சினியின் கண் சிவந்திருந்தது. சகலை தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அத்தை அவனுக்குப் பரிமாறவில்லை. பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். எனக்கு மட்டும் அள்ளி அள்ளி வைத்தார்.

“பெரியவ பொழப்பையே கெடுக்கப் பாத்தாரே! ஊர் பூரா சின்ன மாப்பிள்ளைக்கு என்னா காதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன் பாருங்க, என்னச் சொல்லணும். பெரிய மாப்பிள்ளைகிட்ட குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா? அவரு வாயத் திறந்து பெருமை பேச மாட்டாரு, ஆனா வேலை வேலையா இருக்கும்.”

பதினாலு வருடமாக நான் ஏங்கிக் கிடந்த வாக்கியம். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். சகலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. மச்சினி எழுந்து உள்ளே போனாள். என் மனைவி கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான், “அத்தை, கொஞ்சம் தண்ணி” என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நாலரை மணி. முன்னறையில் வெயில் சாய்ந்திருந்தது. அவள் மர நாற்காலியை இழுத்து, தான் படித்துப் பழகும் மூலையில் போட்டாள். “ஏங்க, இந்த மூலைய இன்னிக்காவது அளந்து குடுக்கிறீங்களா? ஐம்பத்திரண்டு அத்தியாயம் இங்கதான் பழகணும்.”

எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. பதினாலு வருடம் கழித்து மறுபடி என்னிடம்தான் கேட்கிறாள்! பையைப் பிரித்தேன். ஸ்டாண்டை விரித்து உயரம் வைத்தேன். காலுக்கொன்றாக மூன்று துண்டு பச்சை டேப் கிழித்து ஒட்டி, ஒன்றில் பேனாவால் 112 என்று எழுதினேன்.

“அளக்காமயே எழுதறீங்க?”

“உன் காது உயரம் எனக்குத் தெரியாதா?” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் உள்ளே போய்ப் பிரதி ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் அட்டையைத் திருப்பினாள். உள்பக்கத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் மெல்லப் பிரித்து எடுத்து, குனிந்து, நான் ஒட்டியிருந்த துண்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். பச்சை டேப். 112. அதே பேனா. ஒன்றுக்கு மேலே கொக்கி போடும் அதே கிறுக்கல்.



“பதில் வந்தன்னிக்கு ஸ்டுடியோவுல என் சாமான எடுக்கக் குனிஞ்சப்ப பாத்தேன்” என்றாள். சத்தம் போடவில்லை. மைக் முன்னால் படிப்பது மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “நீங்க ஏசில உக்காந்திருந்த அன்னிக்கு மத்தியானத்துலேருந்துதானே என் தொண்ட கெட்டுச்சு. தங்கச்சி வீட்டுக்காரர நான்தான் கூப்பிட்டேன், ரூம பாருங்கன்னு. டேப்பப் பத்தி அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. தன் தப்புன்னாரு. அவருக்குப் பொய் சொல்லவே வரலங்க, காதெல்லாம் செவந்துபோச்சு.”

“அது வந்து...”

“நீங்க செஞ்சத விடுங்க. பொறாமைல செஞ்சீங்க. எம்மேல இருக்கற ஆசையிலதான்னுகூட நான் ரெண்டு நாள் சமாதானம் சொல்லிப் பாத்தேன். நான் உப்புத் தண்ணில தொண்டயக் கழுவிட்டு, வயசாயிடுச்சான்னு எழுதிக் காட்டுனேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமேன்னு இப்ப நெனச்சுப் பாக்கறேன். சரி, அதையும் விடுங்க. வியாழக்கிழம சொல்வீங்கன்னு பாத்தேன். இன்னிக்கு அம்மா அந்த மனுஷன அந்தப் பேச்சுப் பேசறாங்க, தங்கச்சி எந்திரிச்சுப் போறா, இப்பவாவது வாயத் திறப்பீங்கன்னு சோத்தக் கையில வச்சுக்கிட்டுக் காத்துட்டிருந்தேன். நீங்க தண்ணி கேட்டீங்க.”

நான் தரையைப் பார்த்தேன். அங்கே இரண்டு நூற்றுப் பன்னிரண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.  மன்னிச்சுடு என்று சொல்ல நினைத்து, அதைச் சொல்வதற்கும் லாயக்கில்லை என்று தோன்றி, கையிலிருந்த பேனாவை மூடினேன்.

அவள் என் ஃபோனை மேஜையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“அம்மாவுக்குப் போடுங்க. அங்க எல்லாரும் இன்னும் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எனக்குக் கேக்கணும்.”

“நேர்ல போய்ச் சொல்றேனே...”

“நாளைக்கு, அடுத்த வாரம், இந்த ப்ராஜெக்ட் முடியட்டும். அப்படித்தானே?”

போட்டேன். இரண்டாவது ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார். “சொல்லுங்க பெரிய மாப்பிள்ளை!” அத்தையின் குரலில் தேன் சொட்டியது. பின்னால் பாத்திரம் உருட்டும் சத்தம். யாரோ இருமினார்கள். சகலைதான். எங்கள் வீட்டு மூலை அந்த இருமலைக் கும்மென்று வீங்க வைத்துத் திருப்பி அடித்தது.

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். நான் அளந்து வைத்த உயரத்தில் அவள் காது காத்திருந்தது.

“அத்தை,” என்றேன்.  மறுபடி தொடங்கினேன். “அத்தை, சின்ன மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. செஞ்சது நான்.”